கடைசிச் சாப்பாட்டின் மேல் பழி

வயிற்றைப் புரட்டியதும், "கடைசியா எங்கே சாப்பிட்டே?" என்றுதான் முதலில் கேட்கிறோம். பதில் வந்த கணமே அந்தக் கடைக்குத் தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். இந்த அவசரம் தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

ஸ்டெஃபிலோகாக்கஸ் நச்சு அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தியைக் கொண்டுவரும். அங்கே கடைசிச் சாப்பாட்டைச் சந்தேகிப்பதில் நியாயம் உண்டு. சால்மோனெல்லாவுக்கு ஆறு மணி நேரமும் ஆகலாம், ஆறு நாளும் ஆகலாம். ஹெபடைட்டிஸ் ஏ 15 முதல் 50 நாள் கழித்துத்தான் தலைகாட்டும். போன மாதம் தின்றதற்கு நேற்றைய பிரியாணியா பொறுப்பு?

2011 மே மாதம் வட ஜெர்மனியில் ஈ-கோலை கிருமியின் ஒரு கொடிய வகை பரவியது. இரத்தமாக வயிற்றுப்போக்கு, பலருக்குச் சிறுநீரகச் செயலிழப்பு. 3,800க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஹாம்பர்க் அதிகாரிகள் ஸ்பெயின் வெள்ளரிக்காயைக் கைகாட்டினார்கள். அதிலிருந்த கிருமி வேறு வகை என்று தெரிவதற்குள், ஸ்பெயின் விவசாயிகளின் விளைச்சல் வாங்க ஆளின்றி அழிந்தது. அந்த நஷ்டம் அவர்கள் செய்யாத குற்றத்துக்கு.

துப்புத் துலங்க உதவியது லூபெக் நகர உணவகம் ஒன்றில் நடந்த விசாரணை. அங்கே கூட்டமாக வந்து சாப்பிட்டவர்களிடம், என்னென்ன காய் தின்றீர்கள் என்று ஆய்வாளர்கள் கேட்கவில்லை. எதை ஆர்டர் செய்தீர்கள் என்று கேட்டார்கள். பில்களையும், மேஜையில் எடுத்த படங்களையும் பார்த்தார்கள். எந்தத் தட்டில் என்ன போனது என்பதைச் சமையல்காரரிடம் கேட்டறிந்தார்கள். நோயுற்ற அத்தனை பேர் தட்டிலும் முளைவிட்ட விதைகள் இருந்தன! அலங்காரத்துக்குத் தூவியதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? வேறோர் ஆய்வில், நோயாளிகளில் நால்வரில் ஒருவர்தான் அதைத் தின்றதாகச் சொல்லியிருந்தார். தடம் ஒரு முளைவிதைப் பண்ணைக்குப் போய், எகிப்திலிருந்து வந்த வெந்தயத்தில் முடிந்தது.

அந்த உணவகத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால், அதே வெந்தயம் வேறு சமையலறைகளில் முளைத்துக்கொண்டே இருந்திருக்கும். அழுக்கான சமையலறைக்கு நான் பரிந்து பேசவில்லை. அதைப் பூட்டத்தான் வேண்டும். ஆனால் பூட்டோடு விசாரணை முடிந்ததாகக் கைதட்டுவதை நிறுத்துவோம். ஆன்டிபயாடிக் கொடுக்கும் முன்பே மலப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி டாக்டரிடம் கேட்போம். கொள்முதல் பில்களை எடுத்தீர்களா என்று அதிகாரியிடம் கேட்போம். அதே மேஜையில் சாப்பிட்டும் நோய் வராதவர்களை விசாரித்தீர்களா என்றும் கேட்போம். அவர்கள் தட்டில் எது இல்லை என்பது தெரியாமல் லூபெக்கில் எதுவும் துலங்கியிருக்காது.