முழங்காலுக்குப் பின்னால் ஒரு கட்டி!

என் அத்தைக்கு முழங்காலுக்குப் பின்னால், மடிப்பில், எலுமிச்சம்பழம் அளவில் ஒரு வீக்கம் வந்தது. காலை நீட்டினால் கல் மாதிரி இருக்கும். மடக்கினால் மெத்தென்று ஆகிவிடும்.

வீடே பதறியது. "புற்றுநோயோ?" என்றார் ஒருவர். "நரம்பு சுருட்டிக்கொண்டது. எண்ணெய் போட்டு நீவினால் போய்விடும்" என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி.

நீவினார்கள். பத்து நாள் நீவினார்கள். கட்டி போகவில்லை. பதினோராம் நாள் கெண்டைக்கால் வீங்கிச் சிவந்துவிட்டது!

டாக்டரின் முகம் மாறியது. உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நல்ல வேளை. பின்னால் இருந்த நீர்க்கட்டி உடைந்து, நீர் கீழே இறங்கியிருந்தது. அவ்வளவுதான்.

அவர் பயந்தது வேறு ஒன்றுக்கு. காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்தாலும் இதே வீக்கம், இதே வலி! கண்ணால் பார்த்துப் பிரிப்பது டாக்டருக்கே கஷ்டம். உறைந்த ரத்தம் நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிரே போகலாம். அப்படிப்பட்ட காலை நீவலாமா?

பேக்கரிக்காரரா?

இதற்குப் பெயர் "பேக்கர் கட்டி". "பேக்கரிக்காரர்களுக்கு வருவதா?" என்று அத்தையின் பேரன் கேட்டான். இல்லை. வில்லியம் மாரன்ட் பேக்கர் என்பவர் லண்டன் செயின்ட் பார்த்தலோமியோ ஆஸ்பத்திரியில் அறுவை டாக்டர். 1877-ம் ஆண்டில் இதைப் பற்றி விளக்கி எழுதினார். டப்ளின் நகர டாக்டர் ராபர்ட் ஆடம்ஸ் 1840-லேயே சொல்லிவிட்டார். பெயர் என்னவோ பேக்கருக்குப் போய்விட்டது!

வண்டி அச்சுக்கு மசகு போல, மூட்டுக்குள் எப்போதும் கொஞ்சம் நீர் உண்டு. மூட்டு தேய்ந்தாலும், ஜவ்வு கிழிந்தாலும், வாதம் வந்தாலும் அது அதிகமாக ஊறும். பின்னால் உள்ள சிறு பைக்குள் புகும். சைக்கிள் டியூபுக்குள் காற்று போவது போலத்தான். உள்ளே போகும்; எளிதில் திரும்பாது.

ஆகவே குற்றவாளி கட்டி அல்ல, மூட்டு! நாமோ கட்டியோடு சண்டை போடுகிறோம். ஊசியால் நீரை எடுத்தாலும், மூட்டு சரியாகாவிட்டால் மறுபடி நிறையும். கூரையை வேயாமல் வாளியில் மழைத் தண்ணீர் பிடித்து என்ன பயன்?

வலி இல்லையா? பெரும்பாலும் சும்மா விட்டுவிடலாம். சிறு பிள்ளைகளுக்கு வந்தால் அநேகமாகத் தானே மறைந்துவிடும். ஆனாலும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வலி இருந்தால் நடையைக் குறையுங்கள். துணியில் ஐஸ் சுற்றிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள்.

கட்டி நாடி போலத் துடித்தால் கை வைக்கவே கூடாது. அது ரத்தக் குழாயின் வீக்கமாக இருக்கலாம். கெண்டைக்கால் திடீரென்று வீங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். அதோடு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

அத்தைக்கு மூட்டுத் தேய்மானம். தினமும் நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி மடக்கித் தொடைக்குப் பயிற்சி செய்கிறார். கட்டி சுருங்கிவிட்டது, முழுதும் போகவில்லை. எண்ணெய்க் கிண்ணம் மட்டும் மறுபடி தோசைக்கல் பக்கம் போய்விட்டது.