படம் எடுக்கத் தெரிந்தால் போதுமா?

நான் வசிக்கும் பூச்சோங்கில் மாலை வேளையில் தாமான் பூங்காக்கள் பக்கம் போனால், கைப்பேசியை முக்காலியில் நிறுத்திக் காணொளி எடுக்கும் நம் பிள்ளைகளைப் பார்க்கலாம். சிலர் திருமணங்களுக்குப் படம் பிடித்துக் கொடுத்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறார்கள். சிலர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு குறும்படம் எடுக்கிறார்கள். எஸ்பிஎம் முடித்த கையோடு, "நான் இயக்குநராகப் போகிறேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால், வீட்டில் எழும் முதல் கேள்வி, "சாப்பாட்டுக்கு என்ன செய்வாய்?" என்பதுதான்.

இளைஞர்களுக்கு இக்கேள்வி எரிச்சலூட்டும். என்னைக் கேட்டால், சினிமாவுக்குப் போக நினைப்பவர் படிக்க வேண்டிய முதல் பாடமே இதில்தான் இருக்கிறது. அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்ட ஒருவர் நம் கோலாலம்பூரிலேயே இருக்கிறார். அவர் பெயர் அமிர் முகமட்.

1972-இல் கோலாலம்பூரில் பிறந்த அமிர், இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். பதின்ம வயதிலேயே ஆங்கில நாளேட்டில் எழுதத் தொடங்கியவர். வழக்கறிஞர் தொழில் பக்கம் போகாமல், திரைப்படப் பட்டம் எதுவும் இல்லாமல், 2000-ஆம் ஆண்டில் 'லிப்ஸ் டு லிப்ஸ்' என்ற முழுநீளப் படத்தை எடுத்தார். படச்சுருள் வாங்கிக் கழுவும் செலவு புதியவர்களை மிரட்டிய காலம் அது. அவர் டிஜிட்டல் கேமராவை எடுத்துக்கொண்டார். நம் நாட்டில் டிஜிட்டல் முறையில் வந்த முதல் முழுநீளப் படங்களில் அதுவும் ஒன்று.

2003-இல் 'தி பிக் டுரியான்' வந்தது. 1987 அக்டோபரில் சௌகிட் பகுதியில் ஒரு ராணுவ வீரர் துப்பாக்கியால் சுட்ட சம்பவத்தையும், அந்நாளில் தலைநகரைச் சூழ்ந்திருந்த அச்சத்தையும் பேசிய ஆவணப்படம் அது. அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட முதல் மலேசியப் படம் என்ற பெயரும் அதற்கு உண்டு.

அதன் பிறகுதான் சோதனை வந்தது. சின் பெங்கின் வாழ்க்கையைத் தொட்டு அவர் எடுத்த 'லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்' படத்திற்குத் தணிக்கை வாரியம் அனுமதி அளித்திருந்தும், 2006 மே மாதத்தில் உள்துறை அமைச்சு தடை விதித்தது. அடுத்த ஆண்டு வந்த 'அப்பா கபார் ஓராங் கம்போங்' படத்திற்கும் அதே கதி. வெளிநாட்டு விழாக்களில் கைதட்டல் கிடைத்தது. உள்ளூரில் ஒரு நுழைவுச்சீட்டுகூட விற்க முடியவில்லை.

பலருடைய திரைப்பயணம் இத்தகைய இடத்தில்தான் நின்றுபோகிறது. அமிர் 2007-இல் 'மாத்தாஹாரி புக்ஸ்' என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். நம் அரசியல்வாதிகள் உளறிய வாசகங்களைத் தொகுத்து ஒரு நூலே போட்டார். 2011-இல் தொடங்கிய 'புக்கு ஃபிக்சி', நகர்ப்புற இளைஞர்கள் பேசும் மலாய் மொழியில் குற்றக் கதைகளையும் திகில் கதைகளையும் வெளியிட்டது. புத்தகமே தொடாதவர்கள் என்று சொல்லப்பட்ட இளையோர் அவற்றை வாங்கிப் படித்தார்கள்.

இதற்கிடையே படம் எடுப்பதையும் அவர் விட்டுவிடவில்லை. 1998-இன் 'ரிஃபார்மாசி' ஆர்ப்பாட்டங்கள் நடந்த இடங்களுக்குப் பத்தாண்டுகள் கழித்துச் சென்று எடுத்த 'மலேசியன் கோட்ஸ்' 2009-இல் வந்தது. அதில் மக்கள் தமிழில் பேசுகிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி.

2018-இல் அவர் தொடங்கிய நிறுவனம் 'குமான் பிக்சர்ஸ்'. குமான் என்றால் மலாயில் கிருமி. உருவில் சிறியது, ஆனால் பரவக்கூடியது! குறைந்த செலவில் திகில் படங்கள் எடுப்பது அதன் கொள்கை. அதில் எமிர் எஸ்வான் இயக்கிய முதல் முழுநீளப் படம் 'ரோ'. காட்டுக்குள் ஒரு தாய், இரண்டு பிள்ளைகள், எங்கிருந்தோ வந்து சேரும் ஒரு சிறுமி. விரல்விட்டு எண்ணக்கூடிய கதாபாத்திரங்கள்தாம். பெருந்தொற்றுக் காலமான 2020 ஆகஸ்டில் திரைக்கு வந்த அப்படம், 93-ஆவது ஆஸ்கார் விருதுக்கு மலேசியாவின் சார்பில் அனுப்பப்பட்டது.

இந்தப் பயணத்தில் நான் கவனிப்பது இரண்டு விஷயங்கள். முதலாவது, தானாகக் கற்பது என்றால் படிக்காமல் இருப்பது என்று பொருளாகாது. 2010-இல் அமிர் வெளியிட்ட ஒரு நூல் 120 பழைய மலாய்ப் படங்களைப் பற்றியது. அத்தனை படங்களையும் உட்கார்ந்து பார்த்து எழுதுவது, கல்லூரிப் பாடத்திட்டத்திற்குக் குறைந்த உழைப்பா? இயக்குநராக விரும்பும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் மலேசியத் தமிழ்ப் படங்களில் பத்தையாவது பார்த்திருக்கிறார்கள்?

இரண்டாவது, ஒரு கதவு அடைபட்டால் பிழைப்புக்கு வேறு கதவை அவர் தயாராக வைத்திருந்தார். புத்தகமும் படமும் வேறு வேறு தொழில்களாகத் தெரியலாம். இரண்டிலும் அவர் விற்றது கதையைத்தான். குமானில் முதலில் செலவுக்கு எல்லை, அதற்குள் அடங்கும் கதை பிறகு. நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கதையை முடித்துவிட்டுப் பணத்திற்கு அலைகிறோம். கடைசியில் அப்பாவின் இபிஎஃப் சேமிப்பிலோ அம்மாவின் நகையிலோ போய்க் கை வைக்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வரியும் திரையரங்கின் பங்கும் போக, ஒரு நுழைவுச்சீட்டில் தயாரிப்பாளர் கைக்கு 6 வெள்ளி வருவதாக வைத்துக்கொள்வோம். 3 லட்சம் வெள்ளியில் எடுத்த படம் முதலைத் திரும்பப் பெற 50 ஆயிரம் பேர் பார்க்க வேண்டும். 15 லட்சம் வெள்ளி என்றால் இரண்டரை லட்சம் பேர். இந்நாட்டில் இந்தியர்கள் ஏறக்குறைய 20 லட்சம் பேர்தான். அதாவது குழந்தைகள், முதியவர்கள் உட்பட எட்டில் ஒருவர் திரையரங்கிற்கு வர வேண்டும். அதே வாரத்தில் சென்னையிலிருந்து பெரிய நடிகர் படம் வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அதற்காக நம்மவர்களால் முடியாது என்று நினைத்துவிடக் கூடாது. தீபக் குமாரன் மேனன் 2005-இல் எடுத்த 'செம்மண் சாலை', தோட்டப்புறத்துப் பெண் ஒருத்தியின் படிப்புக் கனவை வெளிநாட்டு விழாக்கள் வரை கொண்டு சென்றது. அவரது அடுத்த படமான 'சலங்கை' பிரிக்பீல்ட்ஸ் வாழ்க்கையைக் காட்டியது. 2015 டிசம்பரில் வந்த சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்', தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் வன்முறைக்குள் இழுக்கப்படும் கதையைச் சொன்னது.

2016 மலேசியத் திரைப்பட விழாவில் அந்தப் படத்தைத் தேசிய மொழி அல்லாத படங்களுக்கான பிரிவில் ஒதுக்கி வைத்தபோது, எதிர்ப்புக் குரல் எழுப்பியவர்களில் மலாய்த் திரைக் கலைஞர்களும் இருந்தார்கள். ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம் தாம் முன்பு பெற்ற விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார். ஏற்பாட்டாளர்கள் பிரிவுகளை மாற்றி அமைத்தார்கள். சிறந்த மலேசியப் படம் 'ஜகாட்'. சிறந்த புதிய இயக்குநர் சஞ்சய். தமிழில் எடுத்த படத்தையும் தங்கள் நாட்டுப் படமாக ஏற்கும் பிற இனத்தவர் இருக்கிறார்கள் என்பதற்கு இது சான்று. நம் சந்தை 20 லட்சத்தோடு முடிய வேண்டியதில்லை. நல்ல மலாய், ஆங்கில வசன வரிகள் போடுவதற்கு ஆகும் செலவு, நடிகருக்குக் கொடுக்கும் சம்பளத்தைப் போலவே அவசியமானது.

அமிருக்கு இருந்த வசதிகளையும் மறைக்கக் கூடாது. அவரிடம் ஒரு சட்டப் பட்டம் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதிச் சம்பாதிக்கத் தெரிந்திருந்தது. மலாய் வாசகர் கூட்டம் பெரியது. பி40 குடும்பத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு இவை கிடையா. அதனால்தான் அந்தப் பிள்ளை கணக்கை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்கிறேன். தோற்றால் தாங்கிப் பிடிக்க அவனுக்கு ஆள் குறைவு.

ஆகவே இளையோருக்கு என் யோசனை இதுதான். திருமணக் காணொளியைத் தாழ்வாக நினைக்காதீர்கள்; எஸ்எஸ்எம்மில் பதிந்துகொண்டு முறையான தொழிலாகச் செய்யுங்கள். வரவு செலவை எழுதி வையுங்கள். திரைப்படத் தயாரிப்புக்கு பினாஸ் உரிமம் வேண்டும். அதன் விதிகளைப் படப்பிடிப்புக்கு முன்பே படியுங்கள். சமூக ஊடகக் காணொளிக்கும் உரிமம் வேண்டுமா என்று 2020 ஜூலையில் எழுந்த சர்ச்சையும், தனிநபர்களுக்குத் தேவையில்லை என்று அரசாங்கம் பிறகு விளக்கியதும் நினைவிருக்கலாம். சட்டம் தெரியாதவருக்குத்தான் அந்நேரத்தில் பயம் அதிகம்.

நம் இயக்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். குறும்படப் போட்டி நடத்திக் கோப்பை கொடுக்கிறீர்கள், நல்லது. அடுத்த முறை, கலந்துகொள்ளும் ஒவ்வொரு குழுவும் தன் படத்தின் செலவுக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும் என்று விதி வையுங்கள். அதற்கும் புள்ளிகள் கொடுங்கள்.

பெற்றோர்களே, "சாப்பாட்டுக்கு என்ன செய்வாய்?" என்று தாராளமாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு, பிள்ளை பதில் எழுதிக் கொண்டுவர ஒரு மாத அவகாசமும் கொடுங்கள். எழுதிக் கொண்டுவரும் பிள்ளையை நம்பலாம்.