விசில் ஊதியவர்களின் வரலாறு

மாலை ஐந்து மணிக்கு மேல் காரைக்கால் கடற்கரைக்குப் போனால், அரசலாறு கடலில் கலக்கும் இடத்தருகே பையன்கள் பந்து உதைப்பதைக் காணலாம். இரண்டு ஜோடிச் செருப்புகளே கோல் கம்பங்கள். சொல்லித் தர ஆள் கிடையாது. பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் இருந்தாலும் அவருடைய பாடவேளையைக் கணக்கும் அறிவியலும் கடன் வாங்கிக்கொள்கின்றன. அந்தக் கடன் திரும்பி வருவதே இல்லை.

இதைக் காணும்போதெல்லாம் 1890இல் அமெரிக்காவில் ஆடிய ஓர் அணி என் நினைவுக்கு வருகிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்புக்கு உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கிய ஒரு சிறிய பயிற்சிப் பள்ளி இருந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற ஆட்டக்காரராக இருந்த அமோஸ் அலொன்சோ ஸ்டாக் அங்கு வந்து கால்பந்து அணி ஒன்றை அமைத்தார். நம் கால்பந்து அல்ல அது. பந்தைக் கையில் ஏந்தி மோதிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். மாணவர்கள் சிலரே என்பதால் பயிற்றுநரான ஸ்டாக்கும் களத்தில் இறங்கினார். இறையியல் படித்துவிட்டு வந்திருந்த கனடாக்காரர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் நடு வரிசையில் ஆடினார். அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க்கில், கூரையிட்ட அரங்கம் ஒன்றில் யேல் அணியை எதிர்த்து ஆடித் தோற்றார்கள்.

தோல்வியோடு அந்தக் கதை முடிந்துவிடவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில், குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆடுவதற்கென்று நெய்ஸ்மித் ஒரு புதிய ஆட்டத்தை வகுத்தார். அதுதான் கூடைப்பந்து. ஸ்டாக் 1892இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்று நாற்பது ஆண்டுகள் பயிற்சியளித்தார். வென்ற ஆட்டங்களை எண்ணி அந்த அணியை மதிப்பிட முடியாது. ஆடியவர்கள் ஆசிரியர்களானார்கள் என்பதே அதன் கணக்கு.

அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த எச்.சி. பக் என்பவர் சென்னைக்கு வந்து 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் கல்லூரியாகி இன்றும் நந்தனத்தில் இயங்குகிற அது, ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று சொல்லப்படுகிறது. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளரும் பக்தான். 1943இல் அவர் மறைந்தார். அவரது கல்லூரியிலிருந்து வெளிவந்தவர்கள் ஊர் ஊராகச் சென்று பள்ளி மைதானங்களில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். அவர்களைத்தான் நாம் ‘டிரில் மாஸ்டர்’ என்று அழைத்தோம்.

தமிழ் இலக்கியம் படித்தவன் என்ற முறையில் எனக்கொரு குறை உண்டு. நம் மரபு விளையாட்டுக்கு இலக்கணத்திலேயே இடம் கொடுத்தது. முல்லைக்கலியில் ஏறுதழுவல் வருகிறது. பிள்ளைத்தமிழில் சிறுபறை, சிற்றில், சிறுதேர், அம்மானை, நீராடல், ஊசல் என்று பருவங்களுக்கே விளையாட்டின் பெயர்கள்தாம். நவீன உரைநடைக்கு வந்தால் சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ போன்ற சில படைப்புகளே தேறுகின்றன. விளையாட்டு ஆசிரியரோ, பெரும்பாலும் விசிலும் பிரம்புமாக வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போகிற பாத்திரம். தமிழாசிரியரையும் அப்படித்தான் ஆக்கினோம் என்பது வேறு கதை. ஆனால் தமிழாசிரியர்கள் எழுதத் தெரிந்தவர்கள். தங்களைப் பற்றித் தாங்களே எழுதிக்கொண்டார்கள். விசில் ஊதியவர்கள் எழுதவில்லை.

மதிப்பெண்ணை வைத்துத்தான் பிழைப்பு என்னும்போது ஒரு பாடவேளை போனால் என்ன என்று கேட்பார்கள். ஒரு பெற்றோராக அந்த அச்சத்தை நானும் அறிவேன். ஆனாலும் தோற்றபின் எதிரணியோடு கைகுலுக்குவதையும், நடுவர் தவறாகச் சொன்னாலும் ஆட்டத்தைத் தொடர்வதையும் எந்தக் கணக்கு வகுப்பு கற்றுத் தரும்? இருபதாண்டுகளாக வகுப்பறையில் நிற்கிறேன். தோற்கத் தெரியாத பிள்ளைகள் ஆண்டுக்காண்டு பெருகி வருவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

நம் கல்லூரிகளின் பழைய ஆண்டு மலர்களில் அணிகளின் குழுப்படங்கள் இருக்கின்றன. நடுவில் கோப்பை, ஓரத்தில் கழுத்தில் விசிலோடு ஒருவர். பல படங்களில் அவருடைய பெயர்கூட இருப்பதில்லை. கரையான் அரிப்பதற்குள் அந்தப் பெயர்களையாவது கேட்டு எழுதி வைக்க வேண்டும். கடன் வாங்கிய பாடவேளைகளையும் திருப்பித் தந்துவிட வேண்டும்.