கோல்புரூக் எழுதாத நூல்

அண்மையில் பரிசு பெற்ற சட்ட வரலாற்று நூலொன்று, ஆங்கிலேயர் கால இந்துச் சட்டத் தொகுப்பை எழுதியவர் கோல்புரூக் என்கிறது. பிழையைச் சுட்டிக்காட்டிய வாசகருக்கு ஒரு மாத இதழ் அளித்த பதில் எங்களைக் கொதிப்படையச் செய்தது. நீதிமன்றங்களே அப்படித்தான் வழங்கின, அதனால் தவறில்லை என்று அது வாதிடுகிறது.

தவறுதான். 1788இல் நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸிடம் வைத்த திட்டத்தின்படி அந்நூலைச் சமஸ்கிருதத்தில் தொகுத்து உரையும் எழுதியவர், ஹூக்ளிக்கரைத் திரிவேணியைச் சேர்ந்த ஜகந்நாத தர்க்கபஞ்சானனர். நூலின் பெயர் விவாதபங்கார்ணவம். ஜோன்ஸ் 1794இல் இறந்துவிட, மொழிபெயர்ப்பு கோல்புரூக்கின் கைக்கு வந்தது. ஆங்கிலப் பதிப்பின் தலைப்புப் பக்கத்திலேயே உரைகாரர் பெயரும் மொழிபெயர்ப்பாளர் பெயரும் தனித்தனியே அச்சாகியுள்ளன. கம்பெனி ஆட்சி மறைத்துவிட்டது என்று பழிபோடவும் இங்கே வழியில்லை. பின்வந்த வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் ‘கோல்புரூக் டைஜஸ்ட்’ என்று சுருக்கி எழுதிப் பழகினார்கள். அந்தச் சுருக்கத்தை நம்பி வரலாறு எழுதியவர் மூலநூலைப் பிரித்தே பார்க்கவில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அந்த நூலோடு கோல்புரூக்குக்கே உடன்பாடில்லை! மாறுபட்ட கருத்துகளை ஒன்றாகக் கலந்து விவாதிக்கிறார், எது எந்த மரபின் முடிவு என்று பிரித்துக் காட்டவில்லை என்பது ஜகந்நாதர்மீது அவர் வைத்த குறை. 1810இல் தாயபாகத்தையும் மிதாட்சரத்தின் தாயப் பகுதியையும் அவர் தனியே மொழிபெயர்த்து வெளியிட்டதன் பின்னணி இது. நியாய மரபில் ஊறிய பண்டிதருக்கு எதிர்வாதங்களை நேருக்கு நேர் நிறுத்துவதே சிந்திக்கும் முறை. ஒற்றை விடை வேண்டிய நீதிபதிக்கு அது குழப்பமாகத் தெரிந்தது. காலனியச் சட்ட அறிவின் மையச் சிக்கலே இந்த மோதலில்தான் இருக்கிறது. இருவரையும் ஒருவராக்கினால் மோதலே காணாமல் போகிறது.

பெயர்கள் இப்படி மறைவது இந்த நூலோடு நிற்கவில்லை. ஹால்ஹெட்டின் 1776 இந்துச் சட்டத் தொகுப்புக்குப் பின்னே பதினொரு பண்டிதர்கள் இருந்தார்கள். யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை 1707இல் தொகுத்த டச்சு அதிகாரி ஐசாக்ஸைச் சொல்கிறவர்கள், அதன் தமிழ் வடிவைப் படித்துச் சரிபார்த்த பன்னிரண்டு முதலியார்களை விட்டுவிடுகிறார்கள்.

மூலத்தைப் பார்த்துப் பேசியவர் என்பதால், சென்னையில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் மீது எங்களுக்கு நெடுநாள் காதல் உண்டு. வோல்தேர் தொன்மையான நூலென்று கொண்டாடிய ‘எசூர் வேதம்’ பாதிரிமார் ஆக்கியது என்பதைப் புதுச்சேரியில் கையெழுத்துப் படிகளைப் பார்த்தே அவர் நிறுவினார். இயேசு சபைப் பாதிரியார் தெ நோபிலியை அவர் அதன் ஆசிரியராக்கியது பிற்கால ஆய்வில் நிற்கவில்லை. ஆனால் அவரைத் திருத்தியவர்களும் கையெழுத்துப் படிகளிலிருந்தே தொடங்கினார்கள். நம் பல்கலைக்கழகங்களில் மூலத்தைப் பார்க்கும் அந்தப் பழக்கம் அற்றுப்போய்விட்டது. அடிக்குறிப்பிலிருந்து அடிக்குறிப்பு பிறக்கிறது, அதற்கு முனைவர் பட்டமும் கிடைக்கிறது. பரிசுக்குழுவினர் விவாதபங்கார்ணவத்தின் ஆங்கிலப் பதிப்பை நூலகத்தில் வாங்கி முதல் பக்கத்தைப் படிக்க வேண்டும். பதிப்பகம் அடுத்த அச்சில் ஜகந்நாதரின் பெயரைச் சேர்க்க வேண்டும்.