தலைநகர் தோற்ற நாள்

நாடு ஒன்று உடையும்போது எவையெவை பங்கிடப்படுகின்றன? படைகள், கப்பல்கள், கருவூலம், கடன், தூதரகக் கட்டிடங்கள் ஆகியன பங்கிடப்படுகின்றன. இவற்றைப் பற்றி அரசறிஞர்கள் ஏடு ஏடாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயின், ஞாயிறு மாலையில் தொழிலாளி ஒருவன் தன் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு சென்று பார்க்கும் உதைபந்தாட்டமும் அன்று பங்கிடப்படுகின்றது என்பதை எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. விளையாட்டுத்தானே என்று தள்ளிவிடுகிறார்கள். அது வெறும் விளையாட்டு அன்று என்பதற்கு 1992ஆம் ஆண்டு ஜூன் மாதத்து உக்ரேன் நல்லதொரு சான்று.

அம்மாதம் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு ஆட்டங்கள் நடந்தன. ஜூன் 18ஆம் நாள் சுவீடன் நாட்டிலே, ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில், அரசொன்று இல்லாத ஓர் அணி ஸ்கொத்லாந்திடம் மூன்றுக்குப் பூச்சியமாகத் தோற்றது. சோவியத்து ஒன்றியம் 1991 டிசம்பரிலேயே கலைந்துவிட்டது. எனினும் அதன் பெயரால் முன்பே தகுதி பெற்றிருந்த அணி, "சுதந்திர அரசுகளின் பொதுநலவாயம்" என்னும் புதுப்பெயர் பூண்டு களமிறங்கியது. தமக்கெனத் தேசியகீதம் இல்லாமையால் பேத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியின் இசையைக் கேட்டபடியே அவ்வீரர்கள் நின்றார்கள். ஜெர்மனியுடனும் ஒல்லாந்துடனும் சமநிலை கண்டவர்கள், ஸ்கொத்லாந்திடம் தோற்று வீடு திரும்பினார்கள். எந்த வீட்டுக்கு என்பதுதான் கேள்வி. அவ்வணியின் அந்திம ஆட்டம் அது.

மூன்றாம் நாள், ஜூன் 21இல், மேற்கு உக்ரேனின் லிவிவ் நகரிலே மற்றோர் ஆட்டம் நடந்தது. புதிதாய்ப் பிறந்த நாட்டின் முதலாவது உதைபந்தாட்டப் பருவத்தின் இறுதிப் போட்டி அது. முன்னது ஒரு பழைய வீட்டின் ஈமச்சடங்கு. பின்னது ஒரு புதிய வீட்டின் கால்கோள்.

இழந்தது சிறிதன்று

பிரிவினையால் உக்ரேனின் உதைபந்தாட்டம் எதையும் இழக்கவில்லை என்று கூறுவோர் உண்மை கூறுவோரல்லர். 1936இல் தொடங்கிய சோவியத்துச் சுற்றுப்போட்டி உலகின் கடினமான சுற்றுப்போட்டிகளுள் ஒன்று. அதன் பட்டம் நெடுங்காலம் மொஸ்கோவின் கழகங்களை விட்டு அகலவேயில்லை. 1961இல் அந்த ஏகபோகத்தை முதலில் உடைத்த கழகம் டைனமோ கீவ். ஒன்றியம் கலையுமுன் அது பதின்மூன்று முறை வாகை சூடிவிட்டது. வேறெந்தக் கழகமும் அத்தனை முறை வென்றதில்லை. 1975இலும் 1986இலும் ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் கிண்ணத்தையும் அது கைப்பற்றியது.

இத்தகைய கழகத்தை மொஸ்கோவின் ஸ்பார்ட்டாக்கோடும் திபிலிசியின் டைனமோவோடும் மோதவிடாது, செப்பெத்திவ்கா, ஓக்திர்க்கா போன்ற சிற்றூர்களின் கழகங்களோடு மோதவிட்டால் தரம் என்னாகும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்டதில் நியாயமும் இருந்தது. ஜோர்ஜியாவின் கழகங்களும் லித்துவேனியாவின் கழகமும் 1990ஆம் ஆண்டிலேயே விலகிச் சென்று தமக்கெனச் சுற்றுப்போட்டிகளை அமைத்துக்கொண்டன. சிறிய வட்டத்துள் ஒதுங்குவதன் விலை என்ன என்பதை அவை முன்கூட்டியே காட்டிவிட்டன.

வேறோர் இழப்பும் நேர்ந்தது. உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சோவியத்து ஒன்றியத்துக்கு இருந்த இடம் ரஷ்யாவுக்கே உரியதாயிற்று. 1994ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்குப் போட்டியிடும் வாய்ப்பே உக்ரேனுக்குக் கிட்டவில்லை. விளைவு என்ன? உக்ரேன் மண்ணிலே பிறந்து வளர்ந்த கன்செல்ஸ்கிஸ், ஒனொப்கோ, யுரான் போன்றோர் ரஷ்ய அணிக்கு ஆடலாயினர். அவர்களைத் துரோகிகள் என்று ஏசுவது எளிது. வீரனுடைய ஆட்ட வாழ்வு பத்தாண்டு. அதற்குள் ஓர் உலகக் கிண்ணம் தவறினால் மறுமுறை கிட்டாமலும் போகலாம். பெரிய வீட்டின் பெயர்ப்பலகையை ஒருவன் எடுத்துக்கொள்ள, மற்றவர்கள் வாசலில் நிற்கும் நிலையை ஏற்படுத்தியவர்களிடமே அக்கேள்வியைக் கேட்கவேண்டும்.

இருபது நகரங்கள்

இந்நிலையிலேதான் 1992 மார்ச்சில் புதிய சுற்றுப்போட்டி தொடங்கியது. விலைவாசி நாளுக்கு நாள் ஏறிய காலம் அது. ரூபிளுக்குப் பதிலாகக் கூப்பன் தாள்கள் கைமாறிய காலம். அவ்வேளையில் நாட்டின் நான்கு திசைகளிலிருந்தும் இருபது கழகங்கள் திரட்டப்பட்டன. அவற்றுள் ஆறு மட்டுமே முந்திய ஆண்டில் சோவியத்து முதற்படியில் ஆடியவை: கீவ், ட்னிப்ரோ, டொனெட்ஸ்க், ஒடேசா, கார்கிவ், சப்பரீசியா நகரங்களின் கழகங்கள். ஏனையவை கீழ்ப்படிகளிலிருந்து வந்தவை. மேற்கே லூட்ஸ்க், தெர்னோப்பில், செர்னிவ்த்சி, கிழக்கே லுகான்ஸ்க், தெற்கே மிக்கொலாயிவ், சிம்பெரோபோல், நடுவே வின்னித்சியா, கிரெமென்சுக். நாட்டின் படத்தை விரித்துவைத்து ஊசி குத்தியதுபோல ஊர்கள் அமைந்தன.

அடுத்த பருவத்தை ஐரோப்பிய வழக்கப்படி இலையுதிர்காலத்தில் தொடங்கவேண்டி, இந்த முதற் பருவத்தை இளவேனிலுக்குள்ளேயே முடிக்கும்படி சுருக்கினார்கள். கழகங்களைப் பத்துப் பத்தாக இரு பிரிவாக்கி, ஒவ்வொரு கழகமும் பதினெட்டு ஆட்டங்கள் ஆடவும், பிரிவுகளில் முதலிடம் பெறுவன இறுதிப் போட்டியில் சந்திக்கவும் ஒழுங்கு செய்தார்கள்.

இதன் உட்பொருளை ஊன்றி நோக்கவேண்டும். லூட்ஸ்க்கிலிருந்தும் கிரெமென்சுக்கிலிருந்தும் பார்ப்போர் முன்னர் மொஸ்கோவையே அண்ணாந்து பார்த்தனர். அவ்வளவு உயரத்தில் தம்மூருக்கு இடமில்லை என்பதை அறிந்திருந்தனர். இப்பொழுதோ ஒரே அட்டவணையில் மேலும் கீழுமாகத் தம்மூரின் பெயரை ஒவ்வொரு வாரமும் வாசித்தார்கள். கொடியேற்றம் ஆண்டுக்கு ஒருமுறை. பாராளுமன்ற உரைகளை எத்தனை பேர் கேட்பார்? வாராவாரம் வெளிவரும் புள்ளி அட்டவணையோ, இவ்வூர்களெல்லாம் ஒரு நாட்டின் ஊர்கள் என்பதைச் சொல்லாமற் சொல்லிக்கொண்டிருந்தது.

ஐயத்துக்குரிய தீபகற்பம்

இந்த இருபதினுள் ஒரு நகரின் நிலை தனியானது. அது கிறிமியாவின் தலைப்பட்டினமாகிய சிம்பெரோபோல். 1991 டிசம்பர் முதலாம் நாள் நடந்த சர்வசன வாக்கெடுப்பிலே உக்ரேன் மக்களில் வாக்களித்தோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் அதிகமானோர் சுதந்திரத்தை ஆதரித்தார்கள். கிறிமியாவிலோ நூற்றுக்கு ஐம்பத்துநான்கு பேரளவிலேதான் ஆதரவு கிடைத்தது. ரஷ்ய மொழி பேசுவோர் பெரும்பான்மையாக வாழ்ந்த மண் அது. 1944இல் ஸ்டாலினால் வேரோடு பிடுங்கி மத்திய ஆசியாவுக்கு அனுப்பப்பட்ட தாத்தார் மக்களும் அவ்வாண்டுகளில்தான் அங்கே திரும்பிக்கொண்டிருந்தார்கள். சுற்றுப்போட்டி நடுவழியில் நின்ற 1992 மே 5ஆம் நாள், கிறிமியாவின் பாராளுமன்றம் தனியரசுப் பிரகடனத்தையே நிறைவேற்றியது. பின்னர் அது கைவிடப்பட்டது என்றாலும், கீவிலிருந்தோர் நெஞ்சில் ஏற்பட்ட ஐயம் எளிதில் ஆறக்கூடியதன்று.

அந்த ஐயத்துக்குரிய மண்ணின் கழகமாகிய தவ்ரியா, சோவியத்துக் காலம் முழுவதிலும் 1981ஆம் ஆண்டு ஒரே ஒரு பருவந்தான் முதற்படியில் ஆடி, உடனே கீழிறங்கிய கழகம். அதுதான் டொனெட்ஸ்க்கின் ஷக்தாரையும் ஒடேசாவின் கழகத்தையும் பின்தள்ளித் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. மற்றைய பிரிவில் எதிர்பார்த்தபடியே டைனமோ கீவ் முதலாவதாக வந்தது.

தலைநகரின் யானை ஒருபுறம். தீபகற்பத்தின் முயல் மறுபுறம். யார் வெல்வார் என்று கேட்கவும் வேண்டுமோ? ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது முதுமொழி. ஆட்டம் முடியக் கால் மணி நேரமளவில் இருந்தபோது, தவ்ரியாவின் செர்ஹி ஷெவ்சென்கோ பந்தைக் கோலுக்குள் செலுத்தினார். ஒன்றுக்குப் பூச்சியம். உக்ரேனின் முதலாவது வாகையர் பட்டம் கிறிமியாவுக்குச் சென்றது.

தோல்வியின் பெருமை

அன்று உக்ரேன் அடைந்த வெற்றி தவ்ரியாவின் கோலில் மட்டும் இல்லை. டைனமோவின் தோல்வி தோல்வியாகவே எழுதப்பட்டதில்தான் அது இருக்கிறது என்பதே எமது கருத்து.

எண்ணிப் பாருங்கள். புதிய அரசுக்கு உலகின் முன் காட்டுவதற்கு ஒரு பெயர் தேவை. ஐரோப்பா அறிந்த பெயர் டைனமோ ஒன்றே. பெருமை வேண்டும், பணமும் வேண்டும் என்று காரணங் காட்டி, ஐரோப்பிய வாகையர் போட்டிக்குத் தலைநகர்க் கழகத்தையே அனுப்புவோம் என்று வாதிக்க ஆள் பஞ்சமிராது. ஆயின் விதி விதியாகவே நின்றது. 1992 ஆகஸ்டில் ஐரோப்பிய வாகையர் போட்டியில் உக்ரேனின் பெயரைத் தாங்கிச் சென்றது சிம்பெரோபோலின் கழகமே. அயர்லாந்தின் ஷெல்பேர்ணை அது வென்றது. பின்னர் சுவிற்சர்லாந்தின் சியோனிடம் தோற்று வெளியேறியது. இருந்தால் என்ன? எட்டு மாதத்துக்கு முன் அரைமனதோடு வாக்களித்த ஒரு மாகாணம், அந்த நாட்டின் பெயரை ஐரோப்பாவின் முன் தூக்கிச் சென்றது. நூறு மேடைப் பேச்சுகளால் ஆகாத காரியம் இது.

மத்தியில் இருப்போர் எப்போதும் வெல்லுமாறு விதிகளை வகுத்துவிட்டு, விளிம்பில் இருப்போரைப் பார்த்து "நாமெல்லாம் ஒரு நாடு" என்று கூறுவது எளிது. விளிம்பு வென்ற நாளிலும் அந்த விதியை மாற்றாதிருப்பதே கடினம். அக்கடினமான தேர்விலே உக்ரேனின் உதைபந்தாட்டம் முதலாண்டிலேயே தேறியது.

பின்னர் நடந்தது

ஒரு கோல் ஒரு மாகாணத்தைக் கட்டிவிடும் என்று யாம் வாதிக்க வரவில்லை. அடுத்த பருவத்திலேயே டைனமோ தன் பட்டத்தை எடுத்துக்கொண்டது. 2001 வரை ஒன்பது முறை தொடர்ந்து வென்றது. அதன்பின் செல்வந்தர் ஒருவரின் துணையோடு எழுந்த ஷக்தார் போட்டிக்கு வந்தது. 1993 முதல் 2025 வரை இவ்விரு கழகங்களைத் தவிர மூன்றாவது கழகம் ஒன்று வாகை சூடவில்லை. தவ்ரியாவுக்கு 2010இல் ஒரு தேசியக் கிண்ணம் கிட்டியது, அவ்வளவே. முதற்பருவத்தில் அகலத் திறந்த கதவு, பணத்தின் பாரத்தால் மெல்லச் சாத்தப்பட்டது. விதியளவில் எல்லோரும் சமம் என்றிருந்தால் மட்டும் போதாது, வசதியிலும் ஓரளவேனும் சமநிலை வேண்டும் என்ற பாடத்தை உக்ரேன் கற்கத் தவறியது. இதை மறைப்பதில் பயனில்லை.

ஆனால் 2014இல் நேர்ந்தது வேறுவகைக் கொடுமை. ரஷ்யா கிறிமியாவைக் கைப்பற்றி இணைத்துக்கொண்டது. தவ்ரியா கலைக்கப்பட்டு, அதனிடத்தில் வேறு பெயரோடு ஒரு கழகம் எழுந்தது. அதுவும் செவஸ்தபோல், யால்ட்டா நகர்க் கழகங்களும் ரஷ்யாவின் மூன்றாம் படியிலே சேர்க்கப்பட்டன. ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கங்களின் ஒன்றியம் அதை ஏற்க மறுத்து, 2015 தொடக்கம் அக்கழகங்கள் ரஷ்யப் போட்டிகளில் ஆடுவதைத் தடுத்தது. கிறிமியாவுக்கெனத் தனியே ஒரு சிறு சுற்றுப்போட்டி அமைந்தது. ஒரு காலத்தில் நாடு முழுவதையும் வென்ற நகரம், தன் தீபகற்பத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஆடும் நிலைக்கு வந்தது. "காக்க வந்தோம்" என்று சொன்னவர்கள் கொடுத்த பரிசு இதுதான்.

தவ்ரியாவின் பெயரை விட மனமில்லாதோர், 2016இல் கெர்சன் மாகாணத்து பெரிஸ்லாவ் என்னும் சிற்றூரில் அதை மீண்டும் தொடங்கினார்கள். 2022இல் ரஷ்யப் படை அவ்வூரையும் பிடித்தது. நவம்பரில்தான் ஊர் மீண்டது. ஓர் உதைபந்தாட்டக் கழகம் இருமுறை அகதியாவது உலகில் அடிக்கடி நிகழும் காரியமன்று.

அவ்வாண்டு பெப்ரவரியில் சுற்றுப்போட்டி நின்றது. அப்பருவத்துக்கு வாகையரே அறிவிக்கப்படவில்லை. ஆறு மாதங்கூடக் கழியவில்லை. 2022 ஆகஸ்ட் 23ஆம் நாள் கீவின் ஒலிம்பிக் மைதானத்தில், பார்வையாளர் ஒருவருமின்றி, அடுத்த பருவம் தொடங்கியது. அபாயச் சங்கு ஒலித்தால் வீரரும் மத்தியஸ்தரும் பதுங்குமிடம் செல்வர். சங்கு ஓய்ந்தபின் வந்து விட்ட இடத்திலிருந்து ஆடுவர். செர்னிகிவ், மரியுப்போல் நகரங்களின் கழகங்கள் திரும்ப வரவில்லை. ஊர்கள் எரிகையில் விளையாட்டா என்று வினவுவோர்க்கு, 1992ஆம் ஆண்டின் அட்டவணையே விடை. நாடு என்பதை அந்த மக்கள் வாராவாரம் வாசித்துப் பழகிய இடம் அது. அதை வெறுமையாக விட அவர்கள் ஒருப்படவில்லை.

முடிவாக

பிரிந்து நிற்கும் நாடு ஒவ்வொன்றும் முதலில் தன் கொடியை வடிக்கிறது. பின் நாணயத்தை அடிக்கிறது. அவ்வளவோடு நாடு ஆகிவிட்டது என்று எண்ணுகிறது. உண்மைச் சோதனை அதன்பின்னரே வருகிறது. தலைநகரை நம்பாத ஊர், தலைநகரை ஒழுங்கான ஆட்டத்தில் வென்றால், அந்த வெற்றி ஏற்கப்படுமா? அதன் பெயர் அட்டவணையின் உச்சியில் எழுதப்படுமா?

1992 ஜூன் 21இல் லிவிவ் நகரில் அக்கேள்விக்கு நேர்மையான விடை கிடைத்தது. அவ்விடையை ஆண்டுதோறும் புதுப்பிக்க உக்ரேன் தவறியது உண்மை. அதைப் பீரங்கியால் அழிக்க அயலவன் முனைந்ததும் உண்மை. எனினும் அட்டவணை அழியவில்லை. முதலாவது பருவம், முதலாவது இடம்: தவ்ரியா, சிம்பெரோபோல். எல்லையை மாற்றி வரைந்தவர்களாலும் அந்த ஒரு வரியை மாற்றி எழுத முடியவில்லை.