மறுத்து எழுதவும் கற்பிக்க வேண்டும்

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில், குறிப்புகளைத் தந்து அவற்றைக் கொண்டு கட்டுரை எழுதச் சொல்லும் வினா வழக்கமாக இடம்பெறுகிறது. முன்னுரை முதல் முடிவுரை வரை உட்தலைப்புகளை வினாத்தாளே வரிசைப்படுத்திக் கொடுத்துவிடுவதால், எதை ஏற்பது, எதை மறுப்பது, ஏன் மறுப்பது என்ற முடிவு எதையும் மாணவர் எடுக்க நேர்வதில்லை. பிழையின்றி எழுதப் பழக இம்முறை உதவும். பிறர் வாதத்தை எடைபோட்டுத் தம் வாதத்தை நிறுவுவதற்கு இது போதாது.

தமிழ் மரபோ இத்துறையில் வளமானது. பவணந்தி முனிவரின் நன்னூல், நூல் எழுதுவோர் மேற்கொள்ளும் கொள்கை நிலைகளை 'மதம்' என்று குறித்து, அவற்றை ஏழாக வகுக்கிறது. உடன்படுதலும் மறுத்தலும் அவற்றுள் இரண்டே. பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், மாறுபட்ட இருவர் கொள்கைகளுள் ஒன்றைத் துணிதல், தாமே ஒன்றை நாட்டி நிலைநிறுத்துதல் போன்றவை எஞ்சியவற்றுள் அடங்கும். அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாகப் பகுத்து, பிறர் தரப்பாகிய பரபக்கத்தில் உலகாயதம் முதலிய கொள்கைகளை முதலில் எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுக்கிறார். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை வகுத்த சேனாவரையர், தமக்கு முந்தைய இளம்பூரணரின் கருத்துகளைப் பல இடங்களில் காரணம் காட்டி மறுத்திருக்கிறார். எதிராளி எழுப்பக்கூடிய ஐயத்தை 'அற்றேல்' என்று தாமே எழுப்பி விடை கூறுவது உரையாசிரியர்களின் வழக்கம்.

இம்மரபை இன்றைய வகுப்பறைக்குப் பொருத்திப் பார்ப்பது கடினமன்று. 'கைபேசி கவனத்தைச் சிதறடிக்கிறது. எனவே மாணவர் அதைப் பள்ளிக்குக் கொண்டுவரவே கூடாது' என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். இதில் முன்பாதி காரணம், பின்பாதி முடிவு. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் மாணவர், காரணத்துக்கு உடன்பட்டுக்கொண்டே, தொலைவிலிருந்து பேருந்தில் வரும் பிள்ளை வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டியிருப்பதைச் சுட்டி முடிவை மறுக்கலாம். வகுப்பு முடியும்வரை கைபேசியை ஆசிரியரிடம் ஒப்படைக்கலாம் என்று தம் கருத்தை நாட்டலாம். 'கைபேசியால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு' என்று முடிக்கும் வழக்கமான கட்டுரை இவற்றுள் ஒன்றையும் செய்வதில்லை.

பட்டிமன்றம் இக்குறையைத் தீர்க்கும் என்பாரும் உளர். ஆனால், மேடையில் குரலும் நகைச்சுவையும் கைத்தட்டலும் காரணத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும்; தாளில் எழுதியதையோ திரும்பப் படித்துச் சோதிக்க முடியும் என்பதால், அங்கே காரணமே நின்றாக வேண்டும்.

ஆகவே, பொதுத்தேர்வின் கட்டுரை வினாக்களுள் ஒன்றேனும், ஒரு வாதத்தைச் சிறு பத்தியாகத் தந்து, அதன் சாரத்தைத் திரிக்காமல் கூறுமாறும், அதற்குக் காரணத்தோடு மறுமொழி எழுதுமாறும் கேட்பதாக அமைய வேண்டும். விடைக்கு விடை கருத்து மாறுபடுமாயின் திருத்துவது எவ்வாறு என்ற தயக்கம் நியாயமானதே. ஆனால், மாணவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதற்கு மதிப்பெண் தேவையில்லை. எதிர்த்தரப்பை நேர்மையாகச் சொன்னாரா, காரணம் காட்டினாரா, அக்காரணம் முடிவைத் தாங்குகிறதா என்னும் மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் வகுத்தால், எத்தரப்பு விடையையும் ஒரே அளவுகோலால் திருத்த முடியும். தேர்வில் கேட்கப்படுவதே வகுப்பில் கற்பிக்கப்படுகிறது என்பதால், மாற்றம் வினாத்தாளிலிருந்தே தொடங்க வேண்டும்.