எதற்குத் தனிக்கருவி?

பார்வையற்ற மாணவர் ஒருவர் கல்லூரியில் சேரப் போகிறார் என்றதும் வீட்டில் ஒரு கேள்வி எழும். எல்லோரும் வைத்திருக்கும் ஸ்மார்ட்போனையே வாங்கித் தருவதா, பார்வையற்றோருக்கென்றே தயாராகும் கருவியை வாங்குவதா? இரண்டாவதன் விலை லட்சங்களில் போகும். விலை கூடினால் உசத்தி என்று நினைப்பது நமக்குப் பழகிய விஷயம். நன்கொடை தருபவர்களுக்கும் அதன் மேல்தான் கண். போட்டோவில் எடுப்பாக விழும். என் கட்சி வேறு. கணினி செய்ய வேண்டிய வேலைக்குச் சந்தையில் கிடைக்கும் போன் போதும். விரல் செய்ய வேண்டிய வேலைக்குத்தான் தனிக்கருவி. இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்து விற்றால் கையில் இருக்கும் பணத்தை அதில் கொட்ட வேண்டாம்.

அச்சுப் பக்கத்தை வாசித்துக் காட்டும் கருவி வந்த வழியைப் பாருங்கள். ரே கர்ஸ்வைல் 1976இல் வெளியிட்ட வாசிப்பு இயந்திரம் மேசையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. 2008இல் அதே வேலை நோக்கியா என்82 போனுக்குள் புகுந்தது. மென்பொருளுக்கு மட்டும் ஆயிரம் டாலருக்கு மேல். 2014இல் ஐபோன் ஆப்பாக வந்தபோது விலை நூறு டாலர். 2017இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட சீயிங் ஏஐக்குக் காசே இல்லை. கோடிக்கணக்கானோர் வாங்கும் போனுக்காகக் கேமராவும் சிப்பும் மலிவாகிக்கொண்டே வந்தன. சில ஆயிரம் பேருக்காகக் கருவி செய்யும் நிறுவனம், எவ்வளவு நல்ல மனம் படைத்ததானாலும், அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பானுக்கும் இதே கதைதான். 2009இல் ஐபோன் 3ஜிஎஸ் வாய்ஸ் ஓவரோடு வந்தது. அதே ஆண்டு ஆண்ட்ராய்டில் டாக்பேக் வந்தது. அதற்கு முன் பழைய நோக்கியாவைப் பேசவைக்கத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. ரூபாய் நோட்டை அடையாளம் சொல்லும் ஆப்பை ரிசர்வ் வங்கியே 2020இல் இலவசமாகக் கொடுத்துவிட்டது. அதற்கென்று ஒரு கருவிக்கு இன்று யாராவது விலை சொன்னால் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

அந்த விலையுயர்ந்த பெட்டிக்குள் இருப்பதும் பெரும்பாலும் நம் போனில் இருக்கும் சரக்குதான், சற்றுப் பழசாக. ஹியூமன்வேர் நிறுவனம் 2016இல் கொண்டுவந்த பிரெயில்நோட் டச் அருமையான கருவி; பிரெயில் வரிசையும் தொடுதிரையும் ஒருங்கே அமைந்தது. ஆனால் உள்ளே ஓடியது ஆண்ட்ராய்டு 4.4. அது 2013இல் வந்த பதிப்பு. 2019இல் வந்த டச் பிளஸ்ஸில் 8.1, அதுவும் 2017இல் வந்தது. சாதாரண போன் பழசானால் சில ஆயிரம் ரூபாயில் வேறு வாங்கிக்கொள்ளலாம். லட்ச ரூபாய்க் கருவியில் வங்கி ஆப் இயங்க மறுத்தால் எங்கே போவது? பிரெயில் புள்ளிகள் இன்னும் பல ஆண்டு உழைக்கும் நிலையில் இருக்கும். அவற்றோடு பிணைத்த கணினி மட்டும் கிழடாகியிருக்கும்.

அப்படியானால் போன் மட்டுமே போதுமே, பிரெயில் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. காதால் மட்டுமே தமிழ் படித்து வளர்பவருக்கு எழுத்துப்பிழை எப்படிப் பிடிபடும்? ந, ன வேறுபாட்டைக் குரல் காட்டுவதில்லை. அரம், அறம் இரண்டும் பேச்சில் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. எழுத்தெழுத்தாகச் சொல்லவைத்துக் கேட்கலாம்தான், ஒவ்வொரு சொல்லுக்கும் யார் அப்படிக் கேட்பார்கள்? பிரெயிலில் அவை வெவ்வேறு புள்ளிகள். விரல் பட்டதும் தெரிந்துவிடும். கணிதமும் நிரல் எழுதுவதும் அப்படித்தான். காதும் கேட்காதவருக்கோ பிரெயில்தான் போனே. இந்த இடத்தில் பொதுச்சந்தை கைகொடுக்காது. மின்னணு பிரெயிலில் ஒரு கட்டத்துக்கு எட்டு ஊசி. மின்சாரம் பட்டால் வளையும் பீசோ பட்டை ஒவ்வோர் ஊசியையும் தூக்கிவிடும். நாற்பது கட்டம் என்றால் 320 ஊசிகள். பார்வையுள்ள யாரும் இதை வாங்கப் போவதில்லை, ஆகவே கேமராவைப் போல இது தானாக மலிவாகாது. விலையைக் குறைக்கவென்றே வேறு நுட்பத்தில் உருவான ஆர்பிட் ரீடர் 20இல் இருபதே கட்டங்கள். வரி மாறும்போது சத்தம் போடும், கொஞ்சம் மெதுவும்கூட. ஆனாலும் போனோடு அதை இணைத்துக்கொள்ளும் மாணவரிடம் இரண்டு வசதியும் வந்துவிடுகிறது.

எதிர்வாதங்களில் ஒன்றை நான் முழுதாக ஏற்கிறேன். எழுபது வயதில் கண்நீர் அழுத்தத்தால் பார்வை போனவரிடம் வழவழவென்ற தொடுதிரையைக் கொடுத்துப் பழகு என்பது கொடுமை. அவருக்குப் பிளைண்ட்ஷெல் போலப் பொத்தான் வைத்த பேசும் போன் சரி. இன்னொன்று, பெரிய நிறுவனங்களுக்குப் பார்வையற்றோர் ஒரு மூலை வாடிக்கையாளர்கள்தான், ஓர் அப்டேட்டில் நேற்றுவரை படித்துக்காட்டிய பொத்தான் இன்று ஊமையாகிவிடும் என்பது. உண்மைதான். ஆனால் தனிக்கருவி வாங்கினால் அந்தச் சிக்கல் தீருமா? ஆன்லைனில் வங்கிக் கணக்குத் தொடங்க, கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொன்னார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. வங்கியின் வாசல் எல்லோர் போனிலும் இருக்கும்போது சண்டையையும் அங்கேதான் போட வேண்டும்.

பிரெயில் கருவி வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கறாராகக் கேளுங்கள். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகியவற்றின் துணையோடு 2018இல் பிரெயில் கருவிகளுக்கென ஒரு யுஎஸ்பி பொதுத்தரம் அறிவிக்கப்பட்டது. கருவி அதற்கு இணங்குகிறதா? இணங்கினால் நாளை போனை மாற்றினாலும் கருவியை மாற்ற வேண்டியிருக்காது. அடுத்தது ரிப்பேர். தூசி அடைத்து ஓர் ஊசி எழும்பாமல் போனால் ஓர் எழுத்து இன்னோர் எழுத்தாகிவிடும். அதை இங்கேயே சரிசெய்வார்களா, வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா, எத்தனை வாரம் ஆகும், அதுவரை கைக்கு மாற்றுக் கருவி தருவார்களா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். நன்கொடையாக வரும் கருவிக்கும் இதே கேள்விகள்தான்.